ஒன்பது கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது?

பல் டாக்டரின் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நின்றபோது மணி மூன்றேகால். ஐந்து மணிக்குள் டிரைவர் திருடன் இல்லை என்று நிரூபித்தாக வேண்டும். இல்லாவிட்டால் டாக்டர் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிடுவார்.

"முழுசா ஒண்ணே முக்கால் மணி நேரம் இருக்கு டீச்சர். நடுவுல ஒரு டீகூடக் குடிச்சிடலாம்" என்றான் கண்டக்டர், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே.

"நீ டீயைக் கண்டுபிடி. மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றார் டீச்சர்.

இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர் அவர். பிள்ளைகள் சொல்லும் பொய்யைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து, கடைசியில் அதையே தொழிலாக்கிக்கொண்டு மாடியில் ஒரு துப்பறியும் ஆபீஸ் திறந்துவிட்டார். கைப்பையில் இன்னமும் சாக்பீஸ் இருக்கும். கண்டக்டர் நிஜமாகவே பஸ் கண்டக்டராக இருந்தவன். கம்பெனி மூடிய அன்று அவனுடைய விசில் தொலைந்துபோனது. அதைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி டீச்சரிடம் வந்தான். விசில் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. அன்றைக்கு வந்தவன்தான், இன்னும் வீட்டுக்குப் போகவில்லை என்று டீச்சர் சொல்லுவார்.

கார் ஷெட் ஓரத்தில் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பன்னிரண்டு வருஷமாக இதே வீட்டு வேலை. டீச்சரைத் தேடி வந்தது அவர்தான். அவர் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. பார்த்த கண்டக்டர் வாயில் வந்த ஜோக்கை விழுங்கிக்கொண்டான்.

டாக்டர் கையில் ஒரு நோட்டோடு வந்தார். அந்த நோட்டை அவர் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் உள்ளே சொத்துப் பத்திரம் இருக்கிறதோ என்று தோன்றும். உள்ளே இருந்தது காரின் மீட்டர் கணக்கு. கார் எங்கே போனது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று தினமும் ராத்திரி அவர் தன் கையாலேயே எழுதி வைப்பார். அந்தக் காரின் ஸ்டீரிங்கைத் தொட அவருக்கும் டிரைவருக்கும் மட்டும்தான் உரிமை.

"இங்கே பாருங்க. ஏர்போர்ட் போய் வந்தா எண்பத்தெட்டு. நாற்பது தடவை எழுதியிருக்கேன், ஒரு தடவைகூட மாறினதில்லை. வியாழக்கிழமை என் சிநேகிதரைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்தான். மீட்டர்ல தொண்ணூத்தேழு! ஒன்பது கிலோமீட்டர் கூடுதல்."

"சரி."

"பைபாஸ் பக்கத்துல என் பழைய கிளினிக் பூட்டிக் கிடக்கு. ஏர்போர்ட் ரோட்டுலேர்ந்து அங்கே போய்த் திரும்ப எவ்வளவு தெரியுமா? ஒன்பது! அந்தச் சாவி கார் சாவியோடதான் தொங்குது. நேத்து நான் ஓடிப்போய்ப் பார்த்தா, எங்க அப்பா தங்கப் பல் கட்டறதுக்கு வெச்சிருந்த தங்கம், பெட்டியோட காணோம். இதுக்கு மேல என்ன வேணும்?"

கண்டக்டர் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தான். எந்தப் பக்கம் திருப்பினாலும் கணக்கு கச்சிதமாக உட்கார்ந்தது. டிக்கெட் இல்லாதவன் கையும் களவுமாக மாட்டினால்கூட இவ்வளவு சுத்தமாக மாட்டமாட்டான்.

"நான் கிளினிக் பக்கமே போகலீங்க" என்றார் டிரைவர்.

"வியாழக்கிழமை வழியில ஏதாவது வித்தியாசமா இருந்ததா?" என்று கேட்டார் டீச்சர்.

டிரைவர் யோசித்தார். "பெரிசா ஒண்ணும் இல்லீங்க. மீட்டர் முள்ளு எழுபதுல நிக்குது, ஆனா பால் வேன்கூட என்னை முந்திட்டுப் போச்சு. எனக்கே வெட்கமா இருந்தது."

"பால் கெட்டுப்போயிடும்னு அவசரமா இருக்கும்" என்றான் கண்டக்டர்.

டீச்சர் சிரிக்கவில்லை. நோட்டை வாங்கிப் பின்னோக்கிப் புரட்டினார். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் பூஜ்யம். டாக்டர் மாநாட்டுக்கு ரயிலில் வெளியூர் போயிருந்த நாட்கள் அவை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை: டென்னிஸ் கிளப், இருபத்து மூன்று. டீச்சர் அங்கே சற்று நின்று, இன்னும் நாலைந்து ஞாயிறுகளைப் புரட்டிவிட்டு நோட்டை மூடினார். "டீ கேட்டியே, போய் வாங்கிட்டு வா" என்றார் கண்டக்டரிடம்.

டாக்டரின் மனைவியை அந்தத் தெரு முழுக்கக் கேக்கம்மா என்றுதான் கூப்பிடும். பிறந்த நாளோ கல்யாண நாளோ, யார் வீட்டு மேஜையில் கேக் இருந்தாலும் அது அவர் கை வேலை. ஆனால் அன்றைக்குச் சமையலறையில் வனிலா வாசனையே இல்லை. மெக்கானிக் கடை வழியாக பஸ் போகும்போது வருமே, மூக்கைப் பிடித்துத் திருகுகிற ஒரு எண்ணெய் நாற்றம், அது லேசாக வந்தது.

"நாலு டீங்களாக்கா? எனக்கு மட்டும் கொஞ்சம் ஆத்திக் கொடுங்க, நாக்கு சுட்டா பேச முடியாது. ரெண்டு ஐஸ்கட்டி போட்டாலும் சரிதான்" என்று சொல்லிக்கொண்டே கண்டக்டர் ஃப்ரிட்ஜ் பக்கம் கையை நீட்டினான்.

"ஐயோ, அதைத் திறக்காதீங்க!"

திறந்துவிட்டான். ஃப்ரீசரில் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில், பளபளவென்று வளையல் அளவுக்கு ஒரு கெட்டி இரும்பு வளையம், பனி பூத்து உட்கார்ந்திருந்தது. கேக்கம்மா கதவைப் பட்டென்று சாத்தினார். அவருடைய நகக்கண்ணில் மஞ்சள் கலர் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அது... கேக் அச்சு" என்றார்.

ஷெட்டுக்குத் திரும்பியதும் கண்டக்டர் குசுகுசுத்தான். "டீச்சர், பாவம், அந்த அக்கா ரொம்பக் கலங்கியிருக்காங்க. ஃப்ரீசர்ல இரும்பை வெச்சிருக்காங்க. கேக் அச்சாம். அதுல சுட்டா கேக்கை ரம்பம் வெச்சுத்தான் அறுக்கணும்."

"மஞ்சள் கலர் ஏதாவது பார்த்தியா?"

கண்டக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நகத்துல! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. கேட்டேன். கீழே படு, வண்டிக்கு அடியில பார்க்கணும்."

முன்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் டிரைவர் ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு வைத்தார். கண்டக்டர் டார்ச்சோடு மல்லாக்க நுழைந்தான். வண்டியின் அடிவயிறு முழுக்க வருஷக்கணக்கான சேறும் தூசியும். நட்டநடுவில், இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையில், பூசணிக்காய் மாதிரி புடைத்து, இன்ஜின் சுற்றைச் சக்கரங்களுக்குக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் பெட்டி மட்டும் கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. மூடியைச் சுற்றிப் புது பேக்கிங். போல்ட்டில் புது ஸ்பானர் தடம்.

"டீச்சர், ஊரே குளிக்காம இருக்கு, ஒருத்தர் மட்டும் தலைக்குக் குளிச்சிருக்காரு!"

"நினைச்சேன். இந்தா சாக்பீஸ். இன்ஜின்லேர்ந்து அந்தப் பெட்டிக்கு நீளமா ஒரு தண்டு வருதே, ஷாஃப்ட்டு, அதுல ஒரு கோடு போடு. நான் சக்கரத்தை இருபது சுத்து சுத்தறேன். அந்தக் கோடு எத்தனை தடவை உன் மூக்குக்கு நேரா வருதுன்னு எண்ணு."

டாக்டரிடம் காரோடு வந்த புத்தகத்தைக் கேட்டு வாங்கி ஒரு பக்கத்தைப் பார்த்தார். பிறகு தரையில் சாக்பீஸால் "37" என்று எழுதி, அதன்மேல் கைப்பையை வைத்து மறைத்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தார்.

"முப்பத்தாறு... முப்பத்தேழு... டீச்சர், போதுமா?"

"இன்னும் ரெண்டு சுத்து பாக்கி."

"முப்பத்தொன்பது... நாப்பது... நாப்பத்தொண்ணு. நின்னுடுச்சு!"

டீச்சர் கைப்பையை எடுத்தார். எல்லோரும் தரையில் இருந்த முப்பத்தேழைப் பார்த்தார்கள். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "அதனால?" என்றார்.

"அப்பாவும் குழந்தையும் ஒண்ணா ஒரே தெருவுல நடந்து போறாங்கன்னு வெச்சுக்கங்க. தெருவோட நீளம் மாறாது. ஆனா குழந்தை அதிக அடி வெச்சிருக்கும். உங்க மீட்டர் தெருவை அளக்கலை டாக்டர், அடியைத்தான் எண்ணுது. அது எண்ணறது சக்கரத்தை இல்லை, இந்த ஷாஃப்ட்டை. சக்கரம் இருபது சுத்தினா ஷாஃப்ட் முப்பத்தேழும் சொச்சமும் சுத்தணும். இப்போ நாப்பத்தொண்ணு சுத்துது. பெட்டிக்குள்ள இருக்கற பல்சக்கரங்களை யாரோ மாத்தியிருக்காங்க."

"என் காரையா? யாரு?"

டாக்டரின் குரல் கேட்டு மாடியிலிருந்து மச்சினன் இறங்கி வந்தான். கேக்கம்மாவின் தம்பி. ஒரு மாதமாக அக்கா வீட்டில் தங்கி, சாப்பிட்ட நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கார்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவன். வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். கண்டக்டர் டீச்சரைப் பார்த்துக் கண்ணடித்தான். ஆள் கிடைத்தாயிற்று.

டீச்சர் மச்சினனைப் பார்த்து மலர்ந்து சிரித்தார். "கோபப்படாதீங்க டாக்டர். இதைச் செஞ்சவருக்கு நீங்க நன்றி சொல்லணும். கம்பெனிக்காரன்கூட இவ்வளவு நேர்த்தியா மாட்டமாட்டான். ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகலை. வீட்டு ஷெட்டுலயே இந்த வேலை செய்யறதுன்னா, அது தேர்ந்த கை."

டாக்டர் குனிந்து பார்த்தார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. அவருடைய முகம் ஒரு சுற்று இளகியது.

அந்த ஒரு சுற்று போதுமாக இருந்தது. மச்சினன் கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றினான். "இதெல்லாம் எனக்கு ஜுஜுபி அத்தான். சொன்னா பெருமையடிக்கிற மாதிரி இருக்கும்னுதான் சொல்லலை."

"நீயா செஞ்சே மச்சான்?" டாக்டர் வாயைப் பிளந்தார்.

"அடடா! ஒரே ஒரு சந்தேகம் தம்பி" என்றார் டீச்சர். "பெரிய பேரிங்கைத் தண்டுல ஏத்தறது ரொம்பக் கஷ்டம்னு சொல்வாங்களே. எப்படி ஏத்தினீங்க?"

"அதுல என்ன கஷ்டம்? சுத்தியலால ஓங்கி நாலு போடு போட்டேன். உட்கார்ந்துடுச்சு."

"டேய்! சுத்தியலா?"

குரல் வாசற்படியிலிருந்து வந்தது. டீத் தட்டோடு நின்ற கேக்கம்மாவின் கண்ணில் அனல் பறந்தது. "சுத்தியலால அடிச்சா பேரிங் என்னத்துக்குடா ஆகும்? கேக் அடுப்புல வெச்சு, நிதானமா சூடு பண்ணி எடுத்தா தானா வழுக்கிட்டுப் போய் உட்காரும். வெளி வளையத்தை ஃப்ரீசர்ல வெச்சா சுருங்கி..."

அங்கே நிறுத்திக்கொண்டார். தட்டில் நாலு டம்ளரும் கிணுகிணுவென்று ஆடின.

"டீயைக் கொடுங்கக்கா, கொட்டிடப் போகுது" என்று கண்டக்டர் தட்டை வாங்கிக்கொண்டான். மச்சினன் சத்தமில்லாமல் கண்ணாடியைத் திரும்ப இறக்கிக்கொண்டான்.

"நீயா?" என்றார் டாக்டர்.

"நான்தாங்க." கேக்கம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "எங்கப்பா லாரிப் பட்டறைலதானே நான் வளர்ந்தேன்? ஸ்பானரைத் தொடாதே, ஸ்டீரிங்கைத் தொடாதேன்னு நீங்க சொன்னீங்க. சரின்னு இருந்தேன். திங்கட்கிழமை நீங்க ஊருக்குப் போனதும் ஆசையை அடக்க முடியலை. ஒரே ஒரு தடவை ஓட்டலாம்னு எடுத்தேன். வாசல் கேட் பக்கத்துப் பள்ளத்துல பின்சக்கரம் மாட்டிக்கிச்சு. நான் அவசரப்பட்டு அழுத்தினேன், உள்ளே மடார்னு ஒரு சத்தம். திறந்து பார்த்தா சின்னச் சக்கரத்துல பல்லெல்லாம் பொடிப்பொடியா கிடக்கு."

"டிரைவருக்குத் தெரியுமா?"

"ஜாக்கி போட்டதும் விளக்குப் பிடிச்சதும் அவர்தான். உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன். ஆனா இதால மீட்டர் மாறும்னு எனக்கு சத்தியமா தெரியாதுங்க! தெரிஞ்சிருந்தா நேத்தே உங்க முன்னாடி வந்து நின்னிருப்பேன். அவர் எடுத்திருக்க மாட்டார்னு நேத்துலேர்ந்து எத்தனை தடவை சொன்னேன்!"

"எனக்கும் தெரியாதுங்கம்மா. ஓட்டத்தான் தெரியும், பிரிக்கத் தெரியாது" என்றார் டிரைவர்.

டீச்சர் நடுவில் புகுந்தார். "பழைய சாமான் கடையில ஜோடியாத்தானே வாங்கினீங்க? பல்லை எண்ணினீங்களா?"

"எண்ணாம வாங்குவேனா? பெரிய சக்கரத்துல நாப்பத்தொண்ணு. பழசுலயும் நாப்பத்தொண்ணு. சரியா இருந்தது."

"சின்னதுல?"

கேக்கம்மா கையை உதறினார். "பழைய சின்னச் சக்கரத்துல எண்ண பல்லே மிச்சம் இல்லையே! பெரிசு சரியா இருந்தா சின்னதும் சரியா இருக்கும்னு விட்டுட்டேன்."

"புத்தகத்துல பதினொண்ணுன்னு போட்டிருக்கு. நீங்க மாட்டினதுல பத்து. அதனால இந்த வண்டி பத்து கிலோமீட்டர் ஓடினா மீட்டர் பதினொண்ணுன்னு பொய் சொல்லும். எண்பத்தெட்டு ஓடினா தொண்ணூத்தேழுன்னு சொல்லும். பால் வேன் முந்தினதும் அதனாலதான், முள்ளும் சேர்ந்து பொய் சொல்லியிருக்கு."

"பல் டாக்டர் வீட்டுலயே ஒரு பல் குறைஞ்சதைக் கவனிக்கலையா!" என்றான் கண்டக்டர். டீச்சர் முறைத்த முறைப்பில் டீயைக் குடிக்கப் போய்விட்டான்.

டாக்டர் மனைவியின் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மஞ்சள்?"

"கேக் கலருங்க. பட்டறையில இதுக்கு மஞ்சள் பசை தடவுவாங்க, நான் இதை வெச்சு சமாளிச்சேன். கிரீஸ்ல குழைச்சுப் பல்லு மேல தடவிச் சுத்தினா, ரெண்டு சக்கரமும் எந்த இடத்துல கடிக்குதுன்னு தடம் தெரியும். சரியா நடுவுல விழறவரைக்கும் ஆறு தடவை கழட்டி மாட்டினேன். கலர் இன்னும் போகலை, மிஞ்சின ஒரு பேரிங் வளையமும் ஃப்ரீசர்லயே கிடக்கு."

"அட, நான் நீலத் தாளை வாயில வெச்சுக் கடிக்கச் சொல்லி, உசரமா இருக்கற பல்லைக் கண்டுபிடிக்கிறேனே... அதே வேலை!" டாக்டரையும் மீறி அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆறு தடவையா? நான் மூணோட விட்டுடுவேன்." ஆனால் அடுத்த நொடியே முகம் சுருங்கியது. "எல்லாம் சரி. பெட்டி எங்கே? ஒன்பது கிலோமீட்டர் பொய்யா இருக்கலாம். பெட்டி காணாமப்போனது நிஜம்தானே?"

டிரைவரின் முகத்தில் வந்த வெளிச்சம் அப்படியே அணைந்தது. மணி நாலரை. கண்டக்டர் டீயைக் கீழே வைத்தான்.

"ஒன்பது கிலோமீட்டர் நிஜமாவும் ஒரு தடவை ஓடியிருக்கு" என்றார் டீச்சர்.

அவர் நோட்டைத் திறந்தார். "ஏர்போர்ட் ரோட்டுல இருக்கற உங்க டென்னிஸ் கிளப் போய் வர பதினாலு. எல்லா ஞாயிற்றுக்கிழமையும் பதினாலுதான். நீங்க மாநாட்டுக்குப் போறதுக்கு முந்தின நாள் மட்டும் இருபத்து மூணு. அன்னைக்கு இந்த வண்டியில பழைய பல்சக்கரம்தான் இருந்தது. மீட்டர் பொய் சொல்லாத நாள். ஒன்பது கூடுதல். ஓட்டினது நீங்க. எழுதினதும் நீங்க."

"அது... அன்னைக்கு மாநாட்டுல காட்டறதுக்கு பிளாஸ்டர்ல செஞ்ச மாதிரித் தாடையெல்லாம் எடுக்கப் பழைய கிளினிக் போனேன். நான் எங்கே போனா என்ன? என் தங்கத்தை நானே திருடுவேனா?"

"தாடையை எதுல எடுத்துட்டு வந்தீங்க?"

"ஒரு அட்டைப் பெட்டியில. அங்கே கரண்ட் இல்லை, இருந்தது இருந்தபடி அள்ளிப் போட்டு..." டாக்டர் பாதியில் நின்றார்.

"அந்த அட்டைப் பெட்டியை அடிவரைக்கும் பார்த்தீங்களா?"

டாக்டர் ஓடினார். அவர் பின்னால் எல்லோரும் ஓடினார்கள். எழுதும் அறையில் மேஜைக்கு அடியில் அட்டைப் பெட்டி கிடந்தது. மேலே கிடந்த இரண்டு தாடைகள் மாநாட்டுக்குப் போய்வந்து அலமாரியில் இருந்தன. மிச்சத் தாடைகளை டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். ஒன்பது தாடைகள் தரையில் வரிசையாக அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டின. பத்தாவதுக்குக் கீழே, பழைய செய்தித்தாளுக்கு அடியில் இருந்தது ஒரு சின்ன எஃகுப் பெட்டி. திறந்தார். தங்கம் பத்திரமாக இருந்தது.

டாக்டர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அசடு வழிய மனைவியைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், கடைசியில்தான் டிரைவரைப் பார்க்கத் துணிவு வந்தது.

"என்னை மன்னிச்சிடுப்பா. பன்னிரண்டு வருஷம் உன்னைப் பார்த்தும், நான் ஒரு மீட்டரை நம்பிட்டேன்."

டிரைவர் டீச்சர் கையிலிருந்த நோட்டைக் காட்டினார். "மன்னிப்பெல்லாம் பெரிய வார்த்தைங்க. அந்த நோட்டுல வியாழக்கிழமைன்னு போட்டு என் பேருக்கு நேரா தொண்ணூத்தேழுன்னு இருக்கு. அதை அடிச்சிட்டு எண்பத்தெட்டுன்னு எழுதிடுங்க. அது போதும்."

டாக்டர் பேனாவை எடுத்தார். தொண்ணூற்றேழை அடித்து, பக்கத்தில் எண்பத்தெட்டு என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். டிரைவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றியபோது அதைத் துடைக்க வேண்டியிருந்தது.

சுவர்க் கடிகாரம் ஐந்து அடித்தது.

"அஞ்சு மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் காரை எடுக்கறதா சொல்லியிருந்தீங்களே டாக்டர்" என்றார் டீச்சர்.

"எடுக்கத்தான் போறோம். பழைய சாமான் கடைக்கு." டாக்டர் சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்தார். வழக்கம்போல டிரைவர் கையை நீட்டினார். டாக்டர் சாவியை மனைவியின் கையில் வைத்தார்.

கேக்கம்மா சாவியைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். "இந்தத் தடவை ரெண்டு சக்கரத்துலயும் எண்ணியே வாங்கறேங்க" என்றார். பேச்சு கடைக்குப் போவதைப் பற்றித்தான். ஆனால் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

வாசலில் டிரைவர் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் காரின் பின்சீட்டில் அவர் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. டாக்டர் போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். டிரைவர் தயங்கித் தயங்கி ஏறி, சீட்டின் நுனியில் உட்கார்ந்தார். டாக்டர் கதவைச் சாத்திவிட்டு முன்னால் மனைவிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

"நல்லா சாய்ஞ்சு உட்காருங்கண்ணே!" என்று கத்திவிட்டு, கண்டக்டர் விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதினான்.